பின்சக்கரத்துக்கு எந்த டயர்? சைக்கிள் கடைக்காரர்களுக்கு ஒரு பாடம்

சைக்கிள் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் உறுப்பினர்கள் சிலர் எங்களைச் சந்திக்கும்போதெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "கியர் சைக்கிள் வைத்திருக்கும் பிள்ளைகள் வந்து, வெயிட் இல்லாமல் நல்ல கிரிப்பாகப் பின் டயர் ஒன்று கொடுங்கள் என்கிறார்கள். கம்பெனிப் பட்டியலைப் பார்த்தால் இருபது முப்பது ரகம் இருக்கிறது. விலையும் ஆயிரக்கணக்கில் போகிறது. எதை வாங்கி வைப்பது, எதைக் கொடுப்பது?" என்பதே அந்தக் கேள்வி. எங்களுக்குத் தெரிந்த அளவில் இங்கே விடை எழுதுகிறோம். தெரிந்தது என்றால், கையைச் சுட்டுக்கொண்டு தெரிந்துகொண்டது.

எங்கள் கடை வைத்திக்குப்பத்தில் இருக்கிறது. மாசி மகத்தன்று மயிலம் முருகன் முதலாகப் பல ஊர்ச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்து இறங்கும் கடற்கரை என்றால் எல்லோருக்கும் அடையாளம் தெரியும். ஒரு காலத்தில் எங்களிடம் வந்ததெல்லாம் 28 அங்குல சைக்கிள்தான். கேரியரில் மீன் கூடை கட்டிக்கொண்டு முத்தியால்பேட்டை, லாசுப்பேட்டை என்று தெருத் தெருவாகப் போகும் வியாபாரிகளும், மில்லுக்கு ஷிப்டு போகிறவர்களும் வாடிக்கை. டயர் விஷயத்தில் அவர்கள் எங்களிடம் யோசனை கேட்டதில்லை. பாரம் பின்னால், ஆகவே புது டயர் பின்னால், அங்கே பாதி தேய்ந்தது முன்னால் என்பது அவர்களே வைத்துக்கொண்ட கணக்கு. அந்தச் சைக்கிளுக்கு, அந்தத் தார்ச் சாலைக்கு, அது சரியான கணக்கு.

இன்று விடியற்காலை 5 மணிக்குத் தலையில் ஹெல்மெட்டும் முன்னால் விளக்குமாக வேறு ஒரு கூட்டம் புறப்படுகிறது. கல்லூரிப் பிள்ளைகள், கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர்கள், டாக்டர்கள்கூட இருக்கிறார்கள். முத்தியால்பேட்டை வழியாகக் கோட்டக்குப்பம் தாண்டி, ஆரோவில் பக்கத்துச் செம்மண் தடங்களில் ஏறி இறங்கி, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுகிறார்கள். இந்த ஓட்டத்துக்குத்தான் கிராஸ் கன்ட்ரி என்று பெயர். நம் மொழியில் சொன்னால் காடுமேடு ஓட்டம். மலைச் சரிவில் கீழ்நோக்கி மட்டும் பாய்கிற டவுன்ஹில் ஓட்டம் வேறு, இது வேறு. இதில் இறங்கிய மேட்டை எல்லாம் மிதித்தே ஏற வேண்டும். அதனால்தான் எடையைப் பற்றி இவ்வளவு பேச்சு.

1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மரின் என்ற பகுதியில் சில இளைஞர்கள் பழைய பலூன் டயர் சைக்கிள்களை மலைத் தடத்தில் ஓட்டி ஆரம்பித்த விளையாட்டு இது. 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் கிராஸ் கன்ட்ரி சேர்க்கப்பட்டது. நம் நாட்டில் இமாசலப் பிரதேசத்தில் 2005 முதல் எம்.டி.பி. ஹிமாலயா பந்தயம் நடந்திருக்கிறது. 2023 அக்டோபரில் ஆசிய சாம்பியன் போட்டியே திருவனந்தபுரம் அருகே பொன்முடியில் நடந்தது. ஆகவே இது ஏதோ பணக்காரப் பிள்ளைகளின் இரண்டு நாள் ஆசை, போய்விடும் என்று நினைத்துக் கதவைச் சாத்த வேண்டாம்.

சுட்டுக்கொண்ட கதையைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில், எங்கள் தெருவிலேயே வளர்ந்த பிள்ளை ஒருவர் வந்தார். 29 அங்குல சைக்கிள். "அண்ணே, இருக்கிறதிலேயே வெயிட் குறைஞ்ச பின் டயர், கிரிப்பும் வேணும்" என்றார். நாங்கள் பட்டியலை விரித்து எடைப் பத்தியில் விரலை ஓட்டினோம். எது மிகக் குறைவோ அதற்கு ஆர்டர் போட்டோம். 29 × 2.1 அளவில் 500 கிராமுக்குச் சற்றே மேல். கையில் எடுத்தால் துணிபோல இருந்தது. அவருக்கும் மகிழ்ச்சி, எங்களுக்கும் மகிழ்ச்சி. ஒன்பதாம் நாள் மதியம் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். சரளைக் கல் ஒன்று டயரின் பக்கச் சுவரை இரண்டு அங்குல நீளத்துக்குக் கிழித்திருந்தது. டியூப் வெளியே பிதுங்கி வெடித்திருக்கிறது. சித்திரை வெயிலில் பல கிலோமீட்டர் நடந்திருக்கிறார். சண்டை போடவில்லை. "நீங்க சொன்னதைத்தானே போட்டேன்" என்றார். அவ்வளவுதான்.

டயரில் குற்றமில்லை. அது பந்தய நாளுக்கென்று செய்த டயர். கிழிந்தால் மாற்றிக் கொடுக்கப் பின்னாலேயே ஆள் வரும் ஓட்டக்காரர்களுக்கானது. அதை நம் ஊர்ச் சரளையில் அன்றாடம் ஓட்டுகிறவருக்கு எடுத்துக் கொடுத்தது எங்கள் தவறு. வேறு டயரை வாங்கின விலைக்கே கொடுத்து, பழைய டயருக்கு வாங்கிய பணத்தில் பாதியைக் கழித்துக்கொண்டோம். அந்தப் பேரேட்டுக் கணக்கை விடப் பெரிய நஷ்டம், அடுத்த இரண்டு மாதம் அவருடைய நண்பர்கள் யாரும் எங்கள் கடைப் பக்கம் வராததுதான்.

முதலில் அளவு

எடைக்கும் கிரிப்புக்கும் முன்னால் அளவைப் பேச வேண்டும். அனுபவமுள்ள கடைக்காரர்களே இதில் ஏமாறுகிறார்கள். நமக்குப் பழக்கமான 28 × 1 1/2 டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 635 மி.மீ. இன்று 29 என்று விற்கும் மலைச் சைக்கிள் ரிம்மின் விட்டம் 622 மி.மீ. அதாவது 29 என்பது 28-ஐ விடச் சின்ன ரிம்! டயர் பருமனாக இருப்பதால் வெளிச்சுற்று பெரிதாகிறது, அதனால் அந்தப் பெயர். அதேபோல் லேடீஸ் சைக்கிளின் 26 × 1 3/8 ரிம் 590 மி.மீ. மலைச் சைக்கிளின் 26 × 2.1 ரிம் 559 மி.மீ. இரண்டும் 26 தான், ஆனால் ஒன்று மற்றதில் ஏறாது. பின்னத்தில் எழுதிய அளவும் தசமத்தில் எழுதிய அளவும் ஒன்றல்ல என்று பையன்களுக்குச் சொல்லி வையுங்கள்.

நம் ஊருக்கு இதில் ஒரு சம்பந்தம் உண்டு. சக்கரத்திலிருந்து எளிதாகக் கழற்றி மாட்டும் காற்று டயரை 1891-ல் கொண்டு வந்தவர்கள் பிரான்சில் கிளர்மோன்-ஃபெரான் ஊரைச் சேர்ந்த மிஷ்லேன் சகோதரர்கள். அதே ஆண்டு பாரிசிலிருந்து பிரெஸ்த் வரை போய்த் திரும்பும் பந்தயத்தில் அவர்களுடைய டயர் போட்ட சார்ல் தெரோன் முதலாவதாக வந்தார். பிரெஞ்சுக்காரர்கள் டயரின் வெளிவிட்டத்தை மி.மீட்டரில் எழுதி, பருமனுக்கு ஓர் எழுத்தும் சேர்ப்பார்கள். 650பி, 700சி என்பவை அப்படி வந்தவை. இன்று 27.5 என்று புதுப் பெயரில் வரும் ரிம் அந்தப் பழைய 650பி-தான், 584 மி.மீ. 29-ம் 700சி-யும் ஒரே ரிம் விட்டம். புதுவையில் பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் 1-ல் கைமாறிவிட்டது. அவர்கள் வைத்த எழுத்து மட்டும் இன்னும் நம் கடை அலமாரியில் இருக்கிறது.

குழப்பம் வேண்டாம் என்றால் டயரின் பக்கச் சுவரில் 57-622 என்பதுபோல அச்சிட்டிருப்பதை மட்டும் பாருங்கள். முதல் எண் டயரின் பருமன், இரண்டாவது ரிம்மின் விட்டம், இரண்டும் மி.மீட்டரில். 57-622 என்றால் 29 × 2.25. வாடிக்கையாளர் இப்போது ஓட்டும் டயரில் இரண்டாம் எண் என்னவோ அதேதான் வேண்டும், அதில் பேரமே கிடையாது. முதல் எண்ணைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் ஃபிரேம் கம்பி இருக்கிறதே, அதை மறக்கக்கூடாது. டயருக்கும் கம்பிக்கும் இடையில் ஒரு சுண்டுவிரல் நுனியாவது நுழைய வேண்டும். இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் செம்மண் அப்பிச் சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும்.

பின்சக்கரம் என்ன வேலை செய்கிறது?

முன்சக்கரம் வழி காட்டுகிறது, பின்சக்கரம் தள்ளுகிறது. ஓட்டுகிறவர் உட்கார்ந்திருக்கையில் பாரத்தில் பாதிக்கு மேல் பின்னால் விழுகிறது. மேட்டில் ஏறும்போது இன்னும் கூடுகிறது. மிதிக்கும் விசை முழுவதும் பின் டயர் வழியாகத்தான் மண்ணுக்குப் போகிறது. பிரேக் பிடித்துச் சறுக்கும்போது தேய்வதும் அதுவே. ஆகவே தேய்மானம் பின்னால் அதிகம்.

ஆனால் ஆபத்து எங்கே அதிகம்? முன்னால். பின் டயர் வழுக்கினால் சைக்கிள் கொஞ்சம் வால் ஆட்டும், ஓட்டுகிறவர் சமாளித்துக்கொள்வார். முன் டயர் வழுக்கினால் சமாளிக்க நேரமே இருக்காது, தரையில் கிடப்பார். எனவே மீன்காரர் கணக்கு இங்கே செல்லாது. காடுமேடு ஓட்டத்துக்குப் பிடிமானம் மிகுந்த டயர் முன்னால், இலகுவாக உருளும் டயர் பின்னால் என்பதே முறை. ஷ்வால்பே என்ற ஜெர்மன் நிறுவனம் ரேசிங் ரே என்பதை முன்சக்கரத்துக்கும் ரேசிங் ரால்ஃப் என்பதை பின்சக்கரத்துக்கும் என்று தனித்தனியாகவே விற்கிறது. கிரிப் கேட்டு வருகிறவரின் முன் டயரை முதலில் பாருங்கள். அது மொட்டையாக இருந்தால், பணம் அங்கேதான் போக வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். பின் டயர் கேட்டு வந்தவரிடம் முன் டயரை மாற்றச் சொல்வது வியாபாரத் தந்திரம்போல் தோன்றக்கூடும். இரண்டு பட்டனையும் அவர் விரலால் தடவிப் பார்க்கச் செய்தால் தானே புரிந்துகொள்வார்.

எடைக் கணக்கு

இலகு டயர் என்றால் எவ்வளவு லாபம் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓட்டுகிறவரும் சைக்கிளுமாகச் சேர்த்து 80 கிலோ என்று வையுங்கள். டயரில் 100 கிராம் குறைத்தால் 800-ல் ஒரு பங்கு குறைந்தது. மேட்டில் ஏறும்போது கிடைக்கும் லாபமும் அதே 800-ல் ஒரு பங்குதான். சக்கரத்தின் ஓரத்தில் சுற்றுகிற எடை என்பதால், நின்ற இடத்திலிருந்து வேகம் எடுக்கும்போது அதை ஏறக்குறைய இரட்டிப்பாகக் கணக்கில் கொள்ளலாம். அப்போதும் 400-ல் ஒரு பங்கு. கையில் தூக்கிப் பார்க்கும்போது பெரிதாகத் தெரிகிற வித்தியாசம், வழியில் அவ்வளவு பெரிதில்லை. கடைக்கு வருமுன் குடித்த அரை லிட்டர் தண்ணீர் ஐந்து டயர் மாற்றத்துக்குச் சமம்.

இதனால் எடையே வேண்டாத விஷயம் என்று சொல்ல வரவில்லை. கம்பி ஓரம் வைத்த சாதாரண டயர் ஒரு கிலோவை நெருங்கும். அதிலிருந்து 650, 700 கிராமுக்கு வந்தால் சைக்கிளின் ஓட்டமே மாறிப்போனது வாடிக்கையாளருக்குத் தெரியும். எடை குறைந்தது மட்டும் காரணமல்ல, மெல்லிய நூல் கட்டும் நல்ல ரப்பரும் இலகுவாக உருள்வதும் சேர்ந்துதான். ஆனால் 650-லிருந்து 520-க்கு இறங்கும்போது குறைவது பெரும்பாலும் பக்கச் சுவரின் பருமன்தான். அதைத்தான் எங்கள் தெருப் பிள்ளை தோளில் சுமந்து வந்தார்.

டயரின் எடையைத் தீர்மானிப்பவை சில. ஒன்று ஓரம். இரும்புக் கம்பி ஓரத்துக்குப் பதில் அராமிட் என்னும் செயற்கை இழை போட்டால் டயரை மடித்து அட்டைப் பெட்டியில் வைக்கலாம், ஐம்பது கிராமிலிருந்து நூறு கிராம் வரை குறையும். இன்னொன்று நூல் கட்டு. ஓர் அங்குலத்துக்கு எத்தனை நூல் என்பதை டி.பி.ஐ. என்று போடுகிறார்கள். 60 என்றால் நூல் பருமன், கொஞ்சம் கனம், அடி தாங்கும். 120 என்றால் நூல் மெல்லியது, வளைந்து கொடுக்கும், எடை குறையும், கல்லில் கிழியவும் செய்யும். சில நிறுவனங்கள் மூன்று அடுக்கையும் கூட்டி 180 என்று போடுகின்றன. அங்கே ஓர் அடுக்குக்கு 60-தான். எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். மூன்றாவது பக்கச் சுவரில் கூடுதல் துணி வைத்திருக்கிறார்களா என்பது. அதற்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பெயர் வைத்திருக்கும், ஐம்பது அறுபது கிராம் கூடும். நம் ஊருக்கு அந்த ஐம்பது கிராம் வேண்டும் என்பது எங்கள் தீர்மானமான கருத்து.

நம் மண்ணுக்கு எந்தப் பட்டன்?

வெளிநாட்டுப் பத்திரிகைகள் பாராட்டும் டயரெல்லாம் ஈரக் காட்டு மண்ணுக்கும் வேர்களுக்கும் செய்தவையாக இருக்கும். நம் பக்கத்து மண் அப்படியல்ல. ஆண்டில் எட்டு மாதம் செம்மண் தடம் சிமெண்ட் போட்டதுபோல் இறுகிக் கிடக்கிறது. அதன்மேல் பட்டாணி அளவுச் சரளை உருண்டைகள். இறுகிய தளத்தில் உருளும் கல் என்பது வழுக்குவதற்கென்றே அமைந்த ஏற்பாடு. முந்திரித் தோப்பு ஓரங்களில் மணல் பாய்ந்திருக்கும். வடகிழக்குப் பருவமழை வந்தால் அதே செம்மண் குழைந்து சக்கரத்தில் அப்பும். எல்லா இடத்திலும் சீமைக் கருவேல முள், தரையோடு தரையாக நெருஞ்சி முள். இவை போதாதென்று, அந்தத் தடத்துக்குப் போய்ச் சேரவே தார்ச் சாலையில் போக வேண்டும், வர வேண்டும்.

இந்த மண்ணுக்குப் பின்சக்கரத்தில் உயரமான முரட்டுப் பட்டன் வேண்டியதில்லை. இறுகிய தளத்தில் உயரப் பட்டன் உள்ளே புதைய முடியாது, நுனியில் நின்று வளையும். சாலையில் ஊளையிடும், நடுவில் மட்டும் சீக்கிரம் தேயும். நடுவில் தாழ்ந்து நெருக்கமாக அமைந்த பட்டன்கள், ஓரத்தில் அவற்றைவிடச் சற்று உயரமாக உறுதியான வரிசை என்று இருக்கும் டயரே பொருத்தம். நேராகப் போகும்போது நடுப்பகுதி இலகுவாக உருளும், திருப்பத்தில் சாய்க்கும்போது ஓர வரிசை கடிக்கும். மேக்ஸிஸ் நிறுவனத்தின் ஐகான், விட்டோரியாவின் மெஸ்கல் போன்றவை இந்த ஜாதி. அவற்றைத்தான் விற்க வேண்டும் என்பதில்லை, படத்தைப் பார்த்து அமைப்பை மனத்தில் வைத்துக்கொண்டால் வேறு கம்பெனிச் சரக்கிலும் இனம் கண்டுகொள்ளலாம்.

பட்டனின் சரிவையும் கவனிக்க வேண்டும். தரையை முதலில் தொடும் விளிம்பு சாய்வாக இருந்தால் இலகுவாக உருளும், நெட்டுக்குத்தாக இருந்தால் மேட்டில் நன்றாகப் பிடித்துத் தள்ளும். இதனால்தான் பழைய ஓட்டக்காரர்கள் பின் டயரை மட்டும் திருப்பிப் போடுவது உண்டு. இப்போது பக்கச் சுவரில் அம்புக்குறி போட்டு வருகிறது, அதன்படியே மாட்டுங்கள். சில டயரில் முன்சக்கரத்துக்கு ஒரு திசை, பின்சக்கரத்துக்கு ஒரு திசை என்று இரண்டு அம்பு இருக்கும். கடைப் பையன் அதைப் படித்துப் பார்த்துத்தான் மாட்ட வேண்டும்.

ரப்பரைப் பற்றி ஒரு வார்த்தை. மென்மையான ரப்பர் கல்லைப் பிடிக்கும், ஆனால் தேயும். நகத்தால் பட்டனை அழுத்திப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். நம் வாடிக்கையாளர் தார்ச் சாலையில் பாதித் தூரம் ஓட்டுகிறார். எனவே பின்னால் நடுத்தர ரப்பர் போதும். மிகமிக மென்மையானதை முன்சக்கரத்துக்கு விட்டுவிடலாம். கடற்கரை மணலில் ஓட்டவேண்டும் என்று கேட்டால், இந்த ரக டயர் எதுவும் அதற்கு ஆகாது என்று நேராகச் சொல்லிவிடுங்கள். எங்கள் கடைக்குப் பின்னால் இருக்கும் மணலிலேயே பலர் முயன்று பார்த்துவிட்டார்கள். உப்பு ஏறிய செயினைக் கழுவிக்கொடுத்ததுதான் எங்களுக்குக் கிடைத்த வேலை.

பருமனைப் பொறுத்தவரை, 29 அங்குலத்துக்கு 2.2 அல்லது 2.25 என்பது எங்கள் அனுபவத்தில் சரியாக அமைகிறது. 2.0-க்குக் கீழே போனால் சரளையில் தள்ளாடும்.

காசில்லாத கிரிப்

புது டயர் விற்பதற்கு முன் நாங்கள் இப்போது செய்கிற முதல் வேலை காற்றைப் பார்ப்பது. நம் பக்கத்துப் பழக்கம், கட்டைவிரலால் அழுத்தினால் கல்லுபோல் இருக்க வேண்டும். கம்பிரசர் வைத்து 50, 60 பி.எஸ்.ஐ. அடித்துவிடுகிறார்கள். 28 அங்குல சைக்கிளில் இரண்டு மூட்டை ஏற்றுவதற்கு அது சரி. 2.2 அங்குல டயரில் அப்படி அடித்தால் டயர் பந்துபோல் குதிக்கும், மண்ணில் படியாது, எவ்வளவு நல்ல பட்டனும் பயனற்றுப் போகும். 65 கிலோ உள்ள ஒருவருக்குப் பின்சக்கரத்தில் டியூபோடு 28 முதல் 32 பி.எஸ்.ஐ. வரை போதும். டியூப்லெஸ் என்றால் 20 முதல் 24. முன்னால் இதைவிட இரண்டு குறைவு. ஆள் கனமாக இருந்தால் கூட்ட வேண்டும். எத்தனையோ பேருக்குக் காற்றைக் குறைத்துக் கொடுத்தே கிரிப் கேட்ட குறை தீர்ந்திருக்கிறது. அன்றைக்கு விற்பனை இல்லை, மறுமாதம் அவர்களே செயினுக்கும் பிரேக் கட்டைக்கும் நம்மிடம்தான் வருகிறார்கள். மலிவான மீட்டர் ஒன்று கடையில் இருக்கட்டும், விரல் இதற்கு உதவாது.

அளவுக்கு மீறிக் குறைத்தாலும் தொல்லை. கல்லில் மோதும்போது டியூபை ரிம்மே கடித்துவிடும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழுந்து வருகிற பஞ்சர் அதுதான். முள் குத்தினால் ஒரே ஓட்டை. ஓட்டையைப் பார்த்தே காற்று குறைவா, முள்ளா என்று சொல்லிவிடலாம். இதிலிருந்து தப்பத்தான் டியூப்லெஸ் வந்தது. உள்ளே ரப்பர் பால் போன்ற திரவத்தை ஊற்றிவிட்டால் நெருஞ்சி முள் ஓட்டையெல்லாம் தானே அடைபடும். டியூபின் 200 கிராம் எடையும் போய்விடும், திரவம் 100 கிராம்போலச் சேரும். ரிம்மும் டயரும் இரண்டுமே அதற்கென்று செய்தவையாக இருந்தால்தான் இதைச் செய்யலாம். சாதாரண ரிம்மில் டேப் சுற்றிச் சமாளிக்கிற வேலை வேண்டாம், திருப்பத்தில் டயர் கழன்றால் பல் போகும். திரவம் நம் வெயிலில் இரண்டு மூன்று மாதத்தில் உலர்ந்துவிடும். மறுபடி ஊற்ற வரவேண்டும் என்று பில்லிலேயே தேதி எழுதிக் கொடுக்கிறோம். பக்கச் சுவர்க் கிழிசலை எந்தத் திரவமும் அடைக்காது.

வாங்கி வைப்பதில்

மொத்த வியாபாரி ரகம் ரகமாகக் காட்டுவார். சின்னக் கடைக்கு மூன்று ரகம் போதும் என்பது எங்கள் முடிவு. 26 மற்றும் 27.5 அங்குலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கம்பி ஓர டயர். இவற்றை ரால்சன், மெட்ரோ போன்ற நம் நாட்டு நிறுவனங்களே நியாய விலைக்குத் தருகின்றன, நன்றாகவும் ஓடுகின்றன. 29 அங்குலத்தில் மடிக்கும் டயர், 60 டி.பி.ஐ., 650 முதல் 750 கிராமுக்குள், மேலே சொன்ன தாழ்ந்த பட்டனில் நான்கைந்து. முன்சக்கரத்துக்குக் கொஞ்சம் உயரப் பட்டனில் இரண்டு. அதற்கு மேல் கேட்பவர்களுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு வரவழைத்துக் கொடுப்பது நல்லது. விலையுயர்ந்த பந்தய டயரை வாங்கிக் கண்ணாடி அலமாரியில் வைத்தால் பார்க்க அழகு, இரண்டு வருடம் கழித்து வெடிப்பு விட்ட ரப்பர்.

கடலோரக் கடைக்காரர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். உப்புக் காற்றில் ஓரக்கம்பியின் வெட்டு முனை துருப்பிடித்து நூலை அரிக்கும். வெயிலும் சூடும் ரப்பரைக் கெடுக்கும். ஓடும் மின் மோட்டார் பக்கத்தில் உண்டாகும் ஓசோனும் கெடுக்கும், கம்பிரசருக்கு மேலே டயர் அடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஆணியில் மாட்டித் தொங்கவிட்டால் மெல்லிய டயரின் ஓரம் கோணிப்போகும். மடிக்கும் டயரைப் பெட்டியோடு நிழலில் வையுங்கள், வந்த தேதியை எழுதி, முதலில் வந்ததை முதலில் விற்றுவிடுங்கள்.

பில் போடுபவர்களுக்கு ஒரு குறிப்பு. சைக்கிள் டயருக்கும் டியூபுக்கும் ஜி.எஸ்.டி. 2017 முதலே 5 சதவீதம். சைக்கிளுக்கும் அதன் உதிரிபாகங்களுக்கும் 12 ஆக இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 5 ஆகிவிட்டது. பழைய விகிதத்தில் பில் போட்டு வாடிக்கையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டாம்.

வருகிறவரிடம் நாங்கள் இப்போது பட்டியலைக் காட்டுவதற்கு முன் பேச்சுக் கொடுக்கிறோம். எங்கே ஓட்டுகிறீர்கள், அதில் தார்ச் சாலை எவ்வளவு, உங்கள் எடை என்ன, கடைசியாக எப்படிப் பஞ்சர் ஆனது, தனியாகப் போவீர்களா கூட்டமாகவா. தனியாகப் போகிறவருக்குக் கனமான பக்கச் சுவரையே கொடுக்கிறோம், ஏனென்றால் அவரைத் தூக்கிவர ஆள் இல்லை. பந்தயத்துக்குப் போகிறேன் என்பவருக்கு அந்த 520 கிராம் டயரையும் தாராளமாக விற்கிறோம், அன்றாடம் ஓட்ட வேறொன்று வைத்துக்கொள்ளச் சொல்லி.

எங்கள் தெருப் பிள்ளை இப்போது ஓட்டுவது 29 × 2.25, 680 கிராம், பக்கச் சுவரில் கூடுதல் துணி, டியூப்லெஸ், பின்னால் 23 பி.எஸ்.ஐ. இரண்டு மழைக்காலம் பார்த்துவிட்டது. நடுப் பட்டன் பாதி தேய்ந்திருக்கிறது, பக்கச் சுவரில் கீறல்கள் உண்டு, கிழிசல் இல்லை. பழைய கிழிந்த டயரை அவரிடமிருந்து வாங்கிக் கல்லாப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். எடை குறைந்த டயர் கேட்டு யார் வந்தாலும் முதலில் அதைக் கையில் கொடுத்து, கிழிந்த இடத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்க்கச் சொல்கிறோம்.